தொட்டதற்குச் சாட்சி

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் இணையத்தில் பத்து என்எஃப்சி ஸ்டிக்கர்கள் வாங்கினேன். ஐம்பது காசு அகலத்தில் வெள்ளை வட்டங்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே கொசுவத்திபோல் சுற்றிச் சுற்றிப் போகும் மெல்லிய உலோகச் சுருளும், அதன் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளிதான் சில்லு. பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது. கைப்பேசியை ஒட்டிக் கொண்டுபோனால் ஸ்டிக்கர் தன் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். அவ்வளவுதான் விஷயம்.

கட்டிலருகே ஒன்றை ஒட்டினேன். தொட்டால் வீட்டு விளக்கெல்லாம் அணையும், காலை அலாரம் தானே ஏறிக்கொள்ளும். வாஷிங் மெஷின்மேல் ஒன்று, துணி எடுக்க நினைவூட்ட. அரிசி டப்பாவில் ஒன்று. அரிசி தீரும்போது தொட்டால் சாமான் பட்டியலில் 'அரிசி' சேர்ந்துவிடும். எங்கள் செங்காங் வீட்டில் பாம் ஷெல்டர்தான் ஸ்டோர்ரூம். அதன் இரும்புக் கதவில் ஒட்டியது வேலையே செய்யவில்லை. இப்படி ஆறு போனது. எல்லாம் சோம்பேறித்தனத்தின் சின்னச் சின்ன சந்தோஷங்கள்.

ஏழாவதை அம்மாவின் மாத்திரைப் பெட்டிமேல் ஒட்டினேன். இந்தக் கட்டுரை அந்த ஏழாவது ஸ்டிக்கரைப் பற்றியது. அது எங்கிருந்து வந்தது என்பதை ஒட்டிய பிறகுதான் தேடிப் படித்தேன். முன்னாலேயே படித்திருந்தால் வேறு மாதிரி ஒட்டியிருப்பேன்.

அம்மாவுக்கு 69 வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் பல வருடப் பழக்கம். மறதி புதிது. மாத்திரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் ஒருநாள் இரண்டு தடவை போட்டுவிட்டார். அன்றைக்கு நான் அலுவலகத்திலிருந்து டாக்சி பிடித்து ஓடி வந்தேன். அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. காலையில் பசியாறிவிட்டு மாத்திரையைப் போட்டதும் தன் கைப்பேசியைப் பெட்டிமேல் ஒருதரம் வைக்க வேண்டும். உடனே என் கைப்பேசிக்குச் செய்தி வரும்: 'அம்மா, காலை மாத்திரை, 8.04.'

பதினொரு நாள் அந்தச் செய்தி தவறாமல் வந்தது. ரயிலில் நின்றுகொண்டே பார்ப்பேன். நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரத்துக்கு மாத்திரை நிரப்பலாம் என்று பெட்டியைத் திறந்தால் நான்கு அறைகளில் மாத்திரை அப்படியே இருந்தது.

"என்னாமா இது? தினமும் தொட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"தொடச் சொன்னே, தொட்டேன்."

"மாத்திரை?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "நான் தொட்டா ஒனக்குத் தெரியும்ல? ஒனக்கு மட்டுந்தான தெரியும்? எனக்கு ஒன்னும் தெரியல. சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. என்னா, என்னைய வேவு பாக்குறியா?"

வேவு என்ற சொல்லை அம்மா கோபத்தில்தான் சொன்னார். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தின் பூர்வீகத்தைத் தேடப் போனால் முதலில் வந்து நிற்பதே ஒரு வேவுக் கதைதான்.

*

1945 ஆகஸ்ட் 4. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஏவரெல் ஹாரிமனுக்கு சோவியத் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. சிறகு விரித்த கழுகு. இரண்டு நாடுகளும் அப்போது போரில் ஒரே பக்கம். ஹாரிமன் அதைத் தன் இல்லமான ஸ்பாசோ ஹவுஸின் படிப்பறையில் மாட்டினார். அடுத்தடுத்து வந்த தூதர்களும் அதை இறக்கவில்லை. ஏழு வருடம் கழித்து, 1952இல், ஜார்ஜ் கென்னன் தூதராக இருந்தபோதுதான் கழுகின் வயிற்றுக்குள் ஒட்டுக் கருவி இருப்பது தெரிந்தது. கண்டுபிடிக்க வந்தவர்களுக்காகக் கென்னன் தன் அறையில் உட்கார்ந்து உதவியாளருக்கு ஏதோ பழைய அறிக்கையைச் சொல்லி எழுத வைப்பதுபோல் நடித்தாராம். ஒட்டுக் கேட்பவர்கள் கருவியை இயக்கினால்தானே அலையைப் பிடிக்க முடியும்.

அதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'தி திங்', அதாவது 'அந்தச் சாமான்'. வேறு பெயர் வைக்கத் தெரியாமல் வைத்த பெயர்போல்தான் இருக்கிறது. காரணம், அதில் மின்கலம் இல்லை, மின்கம்பியும் இல்லை. ஒரு சிறிய உலோகக் குழிவு, அதன் வாயில் தோல்போல் மெல்லிய தகடு, கூடவே ஒரு ஆன்டெனா. வெளியே தெருவில் நிற்கும் வண்டியிலிருந்தோ பக்கத்துக் கட்டடத்திலிருந்தோ ரேடியோ அலையை அடித்தால் மட்டும் அது உயிர்பெறும். அறையில் பேசும் குரலுக்கு அந்தத் தகடு அதிரும். திரும்பிப் போகும் அலை அந்த அதிர்வைச் சுமந்துகொண்டு போகும். அலையை நிறுத்திவிட்டால் அது வெறும் மரக்கழுகு. வழக்கமான சோதனையில் எப்படி அகப்படும்?

அதைச் செய்தவர் லெவ் தெரமின். இசை கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1920 வாக்கில் அவர் உருவாக்கிய தெரமின் கருவியைத் தொடாமலே வாசிக்க வேண்டும். இரண்டு ஆன்டெனாக்களுக்கு முன் காற்றில் கையை அசைத்தால் ஸ்வரம் ஏறும், இறங்கும். அமெரிக்காவில் பத்து வருடம் கச்சேரி செய்துவிட்டு 1938இல் சோவியத் ஒன்றியம் திரும்பியவரை அடுத்த ஆண்டே கைது செய்தார்கள். விஞ்ஞானிகளைக் கைதிகளாக வைத்து வேலை வாங்கும் ரகசிய ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தபடிதான் அவர் அந்தக் கழுகைச் செய்தார். சுதந்திரமாக இருந்த நாளில் தொடாமல் பாட வைத்தார். சிறையில் தொடாமல் கேட்க வைத்தார். 1960இல், அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் சுடப்பட்டு மாட்டிக்கொண்டபோது, 'நீங்கள் மட்டும் யோக்கியமா' என்கிற தொனியில் அமெரிக்கத் தூதர் ஹென்றி கபட் லாட்ஜ் அந்த முத்திரையை ஐநா பாதுகாப்பு மன்றத்தில் திறந்து காட்டினார்.

தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் என் ஸ்டிக்கர் அந்தக் கழுகின் நேர்வாரிசு இல்லை. அது தூரத்திலிருந்து வரும் அலையைத் திருப்பி அனுப்பும்; இது அருகிலுள்ள காந்தப்புலத்தில் இயங்கும். ஆனாலும் மூல யோசனை ஒன்றே. தனக்கென்று சக்தி இல்லாத ஒரு பொருள், கேட்பவர் கொடுக்கும் சக்தியிலேயே கேட்பவருக்குப் பதில் சொல்கிறது. அதே யோசனையை 1948 அக்டோபரில் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் பகிரங்கமாக ஓர் ஆய்விதழில் எழுதினார். 'திருப்பி அனுப்பும் சக்தியால் தகவல் தொடர்பு' என்பது தலைப்பின் பொருள். மாஸ்கோவில் அது மூன்று வருடமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

எனக்கு உறுத்தியது வேறு. செய்தி யாருக்குப் போனது? பேசியவருக்கு ஒன்றும் தெரியாது. தெருவில் இருந்தவருக்கு எல்லாம் தெரியும். அம்மா தொட்டார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ரயிலில் நின்ற எனக்குத் தெரிந்தது. அதிலும் தப்பாகத் தெரிந்தது.

*

நடுவில் உள்ள முப்பது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கடையில் துணி திருடினால் வாசலில் கத்தும் வில்லை, மாட்டின் காதில் மாட்டும் அடையாளம், 1973இல் சார்ல்ஸ் வால்டன் காப்புரிமை பெற்ற, அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு. எல்லாமே ஒரே குடும்பம். ஆர்எஃப்ஐடி என்ற பெயர் 1983இல் அதே வால்டன் பெற்ற இன்னொரு காப்புரிமையில் வருகிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு கிளை தூரத்தைத் துரத்தியது. கப்பல் கொள்கலன், நெடுஞ்சாலை டோல், கிடங்கு என்று எத்தனை மீட்டர் தள்ளியிருந்து படிக்க முடியும் என்பதே அங்கே போட்டி. இன்னொரு கிளை எதிர்த் திசையில் போனது. அது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலை நம்பியது. ஒரு கம்பிச் சுருளில் மாறும் மின்சாரம் ஓடினால் பக்கத்திலுள்ள இன்னொரு சுருளிலும் மின்சாரம் பிறக்கும். நம் கைப்பேசியின் முதுகில் ஒரு சுருள், ஸ்டிக்கரில் ஒரு சுருள். வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை மாறும் காந்தப்புலம், அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ். அந்தப் புலம் தூரம் கூடக் கூட மளமளவென்று விழுந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகும். நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் கைப்பேசிக்கும் ஸ்டிக்கருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் பாம் ஷெல்டர் கதவு ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. இரும்பு அந்தப் புலத்தைத் தானே விழுங்கிவிடும். உலோகத்தில் ஒட்ட வேண்டுமென்றால் அடியில் ஃபெரைட் தாள் வைத்த தனி ரகம் வாங்க வேண்டும்.

பொறியாளர் கண்ணுக்கு இது குறைபாடு. ஆனால் காசு விஷயத்தில் இந்தக் குறைபாடே காவல் ஆனது. நான் பக்கத்தில் நடந்து போகிறேன் என்பதற்காக என் கணக்கிலிருந்து பணம் போகக் கூடாது. நானே கையை நீட்டி வைத்தால்தான் போக வேண்டும். ஆஸ்திரியாவில் மிக்ரான் என்ற நிறுவனம் 1994இல் கொண்டுவந்த மைஃபேர் அட்டையின் பெயரிலேயே கட்டண வசூல் இருக்கிறது. ஹாங்காங்கில் 1997 செப்டம்பரில் சோனியின் ஃபெலிகா சில்லோடு ஆக்டோபஸ் அட்டை வந்தது. அதே 1997இல் மலேசிய நெடுஞ்சாலையில் 'டச் அண்ட் கோ'. பெயரைக் கவனியுங்கள்: தொடு, போ.

சிங்கப்பூரில் 2002 ஏப்ரல் 13 அன்று ஈசிலிங்க். அதற்கு முன் 1990லிருந்து காந்தப்பட்டை அட்டை. அதைத் துளைக்குள் செருகி, அடுத்த பக்கம் வெளியே வருவதைப் பிடித்து எடுக்க வேண்டும். ஈசிலிங்க் வந்த பிறகு யாரும் எதையும் செருகவில்லை. அம்மா கைப்பையிலிருந்து அட்டையை எடுக்கவே மாட்டார். பையை அப்படியே தூக்கி வாசல் கருவிமேல் வைப்பார். ஒரு 'டீட்'. திரையில் மிச்சத் தொகை. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே போவார். இருபது வருடத்துக்கு மேல் இதையே செய்த கை அது. என் வீட்டு ஏற்பாட்டைச் செய்தபோது இது என் கண்முன்னே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

2024 ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஜூன் மாதத்திலிருந்து சிம்ப்ளிகோவுக்கு மாறாத வயதுவந்தோர் ஈசிலிங்க் அட்டைகள் செல்லாது என்று 9ஆம் தேதி அறிவிப்பு வந்தது. புதிய முறையில் கணக்கெல்லாம் பின்னால் சர்வரில் நடக்கும். ரயில் வாசலில் கட்டணமும் மிச்சமும் தெரியாது, செயலியில்தான் பார்க்க வேண்டும். மக்கள் விடவில்லை. இரண்டே வாரத்தில், 22ஆம் தேதி, முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையை நீட்டிக்க 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றார்கள். அம்மாவுடையது மூத்தோர் அட்டை, அந்த அறிவிப்பு அவரைத் தொடவேயில்லை. ஆனாலும் தினமும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காச எடுத்துக்கிட்டு எவ்ளோ எடுத்தேன்னு சொல்லலன்னா எப்படி?" என்றார். அப்போது நான் சிரித்தேன். வயதானவர்கள் மாற்றத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். தொட்ட இடத்திலேயே பதில் வேண்டும் என்பது பயம் இல்லை, நியாயம் என்று புரிய எனக்கு இந்த மாத்திரைப் பெட்டி தேவைப்பட்டது.

*

என்எஃப்சி என்ற பெயர் வந்தது 2002இல். அட்டைச் சந்தையில் போட்டியாளர்களான சோனியும் பிலிப்ஸும், மிக்ரானை 1995லேயே வாங்கியிருந்தது பிலிப்ஸ், ஒன்றாக உட்கார்ந்து பொதுவான ஒரு முறைக்கு ஒப்புக்கொண்டன. 2003இல் அது ஐஎஸ்ஓ தரநிர்ணயம் ஆனது. 2004இல் நோக்கியாவும் சேர்ந்து என்எஃப்சி ஃபோரம். புதுமை எது என்றால், அதுவரை அட்டை நம் கையில், படிக்கும் கருவி அவர்கள் சுவரில். இனி படிக்கும் கருவியே நம் கையில். வாசலில் நின்று அடையாளம் காட்டியவர், வாசலையே பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. 2010 கடைசியில் நெக்சஸ் எஸ் வந்ததும் ஆண்ட்ராய்டில் ஆர்வமுள்ளவர்கள் விளையாட ஆரம்பித்தார்கள். 2012இல் சோனி ஸ்மார்ட்டேக் என்று கலர் கலராக விற்றது. சாம்சங் டெக்டைல் விற்றது. டெக்டைல் கதை கொஞ்சம் பரிதாபம். அதில் போட்டது மைஃபேர் கிளாசிக் சில்லு. அது என்எஃப்சி தரத்துக்குள் முழுதாக அடங்காத பழைய சரக்கு. 2013இல் சாம்சங்கின் சொந்த கேலக்சி எஸ்4 அதைப் படிக்க மறுத்தது. ஒரே வருடத்தில் கம்பெனியின் ஸ்டிக்கரைக் கம்பெனியின் கைப்பேசிக்கே அடையாளம் தெரியவில்லை. 'டெக்டைல் 2' என்று மறுபடி விட்டார்கள். போன வருட ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டியவர்கள் சுரண்டி எடுத்திருப்பார்கள்.

ஐஃபோன் 2014இல் என்எஃப்சியைப் பணம் செலுத்த மட்டும் திறந்தது. வெளி டேக்குகளைப் படிக்க 2017வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் ஐஓஎஸ் 13 வந்து, ஷார்ட்கட்ஸ் செயலியில் ஒரு டேக்கைத் தொட்டால் இதைச் செய் என்று எவரும் அமைக்கலாம் என்றான பிறகுதான் வீட்டு ஸ்டிக்கர் பரவலானது. அடுத்த ஆண்டு, எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த 2020 செப்டம்பரில், ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள் டேக்குகளைத் தனிப் பகுதியாகச் சேர்த்தது. என் வீட்டில் ஓடுவது அதுதான், அலமாரியில் ஒரு சிறிய கணினியில்.

இலக்கியம் படிப்பவர்களுக்காக ஒரு இடைச்செருகல். நான் வாங்கிய ஸ்டிக்கரில் உள்ளது என்டேக் 213 என்ற சில்லு. நாம் எழுதுவதற்கு அதில் இருக்கும் இடம் 144 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறிகள். 'அம்மா' என்று மூன்றெழுத்து எழுத ஐந்து குறி, 15 பைட். திருக்குறளின் முதல் குறளை எழுதிப் பார்த்தேன். இடைவெளி சேர்த்து 123 பைட். முகப்புத் தகவலுக்கும் கொஞ்சம் இடம் மிச்சம். வள்ளுவருக்கு ஒரு ஸ்டிக்கர் போதும். மற்ற எல்லாக் குறளுக்கும் உத்தரவாதம் இல்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் முதலில் செய்தது என் கைப்பேசிக்கு வரும் செய்தியை நிறுத்தியதுதான். நிறுத்திய மூன்று நாளும் அலுவலகத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்ததில் பாதி, என் பதற்றத்தை நான் பார்த்துக்கொண்டதுதான் போலிருக்கிறது.

பிறகு ஏற்பாட்டைத் தலைகீழாக்கினேன். கைப்பேசியைத் தூக்கி, திரையை விழிக்க வைத்து, பெட்டிமேல் சரியான இடத்தில் வைப்பது அம்மாவின் கைக்குப் பழகாத வேலை. அட்டையை ஒரு கருவிமேல் வைப்பது பழகிய வேலை. சிம் லிம் டவரில் ஒரு சின்ன என்எஃப்சி படிப்பான் பலகை வாங்கினேன். அதை வைஃபை உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலரோடு இணைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மாத்திரைப் பெட்டிக்கு ஏற்கனவே ஸ்டிக்கர் உண்டு. அம்மா பெட்டியைத் தூக்கி டப்பாமேல் வைக்க வேண்டும், கைப்பையை வைத்ததுபோல். 'டீட்' என்று சத்தம், பச்சை வெளிச்சம். கூடவே நான் பதிந்து வைத்த குரல்: "காலை மாத்திரை முடிஞ்சிருச்சுமா." அதே காலையில் இரண்டாம் தடவை வைத்தால் சிவப்பு வெளிச்சம், "ஏற்கனவே போட்டாச்சுமா, மறுபடி போடாதீங்க."

முதல் தடவை வைத்துவிட்டு அம்மா டப்பாவைக் குனிந்து பார்த்தார். "பேலன்ஸ் காட்ட மாட்டேங்குதே" என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. இப்போது அந்த வாரத்தில் மிச்சமிருக்கும் நாட்களின் எண்ணிக்கையைச் சொல்லும்படி செய்திருக்கிறேன்.

இதிலும் தொட்டது மட்டும்தான் பதிவாகிறது. விழுங்கியது பதிவாகாது. ஸ்டிக்கருக்குத் தொண்டை கிடையாது. அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாத்திரைப் பெட்டியின் காலி அறைகளில் மடித்து மடித்துக் காகிதம் இருந்தது. குப்பை என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் எடுத்துப் போட்ட காகிதம். பிரித்துப் பார்த்தால் தேதிக் காலண்டரின் தாள். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வருடா வருடம் கொடுப்பது. ராகு காலம், நல்ல நேரம் போட்டது.

"அதா? மாத்திரையப் போட்டுட்டு அன்னிக்குத் தேதியக் கிழிச்சு அதுல வச்சிருவேன். அப்பறம் சந்தேகம் வந்தா தொறந்து பாத்துக்கலாம்ல."

எத்தனை நாளாக என்றேன். இரண்டு மாத்திரை போட்ட அந்த நாளிலிருந்து என்றார். நான் டாக்சியில் ஓடி வந்து, இணையத்தில் தேடி, ஸ்டிக்கர் வாங்கி, மென்பொருள் ஏற்றி முடிப்பதற்கு முன்பே அவர் தன் முறையைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். அந்தப் பன்னிரண்டாம் நாள் மாத்திரை மிச்சமிருந்த நான்கு அறைகளிலும் தாள் இல்லை. என் பதிவேடு பொய் சொன்னது. காலண்டர் தாள் சொல்லவில்லை. அதோடு, ஞாயிறுதோறும் சாட்சியைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இப்போது இரண்டும் ஓடுகின்றன. தாள் அவருக்கு, டப்பா இரண்டு பேருக்கும். எனக்கு இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு செய்தி வரும். அதுவும் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தேன். "ராத்திரி ஒரு தடவ பாத்துக்க. பகல்ல எல்லாம் என் பின்னாடியே வராத" என்றார்.

*

பத்தில் மூன்று ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. போன மாதம் ஒருநாள் அம்மா அதில் ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பேப்பர் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி இன்னொரு கையில்.

சொல்ல மறந்துவிட்டேன். அம்மா வடக்குச் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததும் அமெரிக்க, ஜப்பானியச் சில்லு நிறுவனங்கள் வந்து இறங்கின. தோட்டத்து, கம்பத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். அம்மா 1976இல் போனார். ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு வாடகை வீடு, மூன்று ஷிப்ட். கல்யாணமாகி 1983இல் சிங்கப்பூர் வரும்வரை பாண்டிங் செக்‌ஷனில் இருந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு மெலிந்த தங்கக் கம்பியைச் சில்லின் ஒரு புள்ளியிலிருந்து சட்டத்தின் ஒரு காலுக்கு இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு சில்லுக்குப் பல கம்பி, ஒரு நாளைக்குப் பல நூறு சில்லு. கண் எரிச்சலும் கழுத்து வலியும் அப்போது வந்தவை. அந்த வேலையை இன்றைக்கு இயந்திரங்கள் செய்கின்றன.

நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது அம்மாவுக்குச் சில நாள் நினைவிருக்காது. ஆனால் அன்றைக்கு பூதக்கண்ணாடி வழியாக அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே, "டை இருக்கு. பேடு ரெண்டே ரெண்டுதான் போல. வயரக் காணோமே?" என்றார்.

நான் தேடிப் படித்துச் சொன்னேன். இந்த ரகத்தில் கம்பியே கிடையாது. சில்லைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேடுகள் நேராக ஆன்டெனாமேல் உட்காரும்படி, மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்டிவிடுகிறார்கள் என்று.

"கவுத்துப் போட்டா?"

"ஆமாமா."

"அப்ப நேரா ஒக்காந்துச்சான்னு எப்படிச் செக் பண்ணுவாங்க? மொகம் அடியில இருக்கே."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டிக்கரின் பின்தாளை நகத்தால் நெம்பி உரித்து, ஒட்டும் பக்கம் மேலே வரும்படி திருப்பி, மறுபடி விளக்குக்கு நேரே பிடித்தார்.